25சி எலிமெண்ட் பாதிதான் காட்டுகிறது: காலையில் 13, மதியம் 17

அக்கரைப்பேட்டை பெஞ்ச் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நாகப்பட்டினத்தில் படகு ரேடியோ சர்வீஸ் செய்கிறேன். மீன்பிடித் தடைக்காலத்தில்தான் எனக்கு வேலை குவியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். வலை பழுது, இன்ஜின் பழுது எல்லாம் அப்போதுதான் பார்ப்பார்கள். கடைசியில் ஞாபகம் வந்து வி.ஹெச்.எஃப். ரேடியோ செட்டையும் கழற்றிக்கொண்டு என் கடைக்கு வருவார்கள்.

செட்டின் பவரைப் பார்க்க என்னிடம் பேர்ட் 43 மீட்டர் ஒன்று இருக்கிறது. பழையதாக வாங்கியது. கூடவே அதன் குழிக்குள் செருகும் இரண்டு எலிமெண்ட்: 25 வாட் வரை அளக்கும் 25சி, 100 வாட் வரை அளக்கும் 100சி. இரண்டுமே 100 முதல் 250 மெகாஹெர்ட்ஸ் வரை. படகு செட்டுகள் 25 வாட், 156 மெகாஹெர்ட்ஸ் பக்கம், அதனால் எப்போதும் 25சி தான் மாட்டியிருக்கும்.

போன வாரம் வந்த முதல் செட் 13 வாட் காட்டியது. பவர் மாட்யூல் போய்விட்டது என்று சொல்லி, புதியது வரவழைத்துப் போட்டேன். போட்ட பிறகு 17 காட்டியது. மாட்யூல் தரம் அவ்வளவுதான் போல என்று நினைத்து செட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அடுத்த நாள் இரண்டாவது செட், 13. மூன்றாவது, பெட்டி பிரிக்காத புது செட், அதுவும் 14. அப்போதுதான் வயிற்றைக் கலக்கியது. 100சி எலிமெண்டை மாட்டிப் பார்த்தால் மூன்றாவது செட் 25 பக்கம் காட்டுகிறது.

இதுவரை பார்த்தவை: டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டும் சுமை) 50 ஓம், 100 வாட், மல்டிமீட்டரில் சரியாக 50. எலிமெண்டைத் திருப்பி ரிவர்ஸ் (லோடிலிருந்து திரும்பி வரும் பவர்) பார்த்தால் ஊசி எழும்பவே இல்லை. எலிமெண்டின் பக்கவாட்டுப் பட்டன், மீட்டர் குழிக்குள் இருக்கும் ஸ்பிரிங் இரண்டையும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பஞ்சு தோய்த்துத் துடைத்தேன். மாற்றம் இல்லை. இன்னொன்று, கடை திறந்ததும் பார்த்தால் 13, மதியம் அதே செட் 17. எங்கோ லூஸ் காண்டாக்ட் என்று தட்டிப் பார்த்தேன், ஊசி ஆடவில்லை.

எலிமெண்டைத் திறக்கலாமா? உள்ளே வாசிப்பைச் சரிசெய்யும் திருகு, ஒரு பிரிசெட், உண்டு என்கிறார்கள். அதைத் திருப்பி 25க்குக் கொண்டுவந்தால் போதுமா? வேறு எலிமெண்ட் வாங்க இப்போது வசதியில்லை. 14ஆம் தேதி நள்ளிரவில் படகுகள் கிளம்பிவிடும்.

இரண்டு மீட்டர் அலைவரிசை, கோவை எழுதியது:

நண்பரே, எலிமெண்டுக்குள் ரேடியோ அலையை டி.சி.யாக மாற்றும் டயோடுதான் போயிருக்கும். பழைய எலிமெண்டுகளில் இருப்பது ஜெர்மானியம் பாயிண்ட் காண்டாக்ட் டயோடு. உள்ளே ஒரு மெல்லிய கம்பி நுனி படிகத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும். கீழே விழுந்தாலோ அதிக பவர் கொடுத்தாலோ அந்தத் தொடர்பு கெட்டு வாசிப்பு குறையும். எனக்கு ஒரு எலிமெண்ட் அப்படித்தான் போனது. பெயர்த்தகட்டை மெதுவாகச் சூடாக்கி எடுத்தால் அடியில் பிரிசெட் இருந்தது. 1என்34ஏ ஒன்று வாங்கிப் போட்டு, நல்ல மீட்டர் ஒன்றோடு ஒப்பிட்டுத் திருப்பி வைத்துக்கொண்டேன். 145 மெகாஹெர்ட்ஸில் இன்றுவரை வேலை செய்கிறது. அரை நாள் வேலை, பயப்படாதீர்கள்.

பழைய வயர்லெஸ், திருச்சி எழுதியது:

தம்பி, எதையும் இப்போது திறக்க வேண்டாம். பிரிசெட் பக்கமே போக வேண்டாம். நீங்கள் எழுதியதிலேயே விடை பாதி இருக்கிறது. கோவை நண்பர் சொல்வதும் நடக்கிற விஷயம்தான். ஆனால் உங்கள் எலிமெண்ட் காட்டும் அறிகுறி வேறு.

நான் முப்பத்தோரு வருடம் வயர்லெஸ் பணிமனையில் இருந்தவன். இந்த எலிமெண்டுகள் நூற்றுக்கு மேல் என் கையால் கடந்திருக்கும். பழுது என்று வந்தால் நான் முதலில் பார்ப்பது முன்பக்க வாசிப்பை இல்லை, ரிவர்ஸ் வாசிப்பைத்தான். ஏன் என்று சொல்கிறேன்.

எலிமெண்டின் அடியில் ஒரு சிறிய லூப் இருக்கிறது. லைனின் நடுக்கம்பியில் ஓடும் மின்னோட்டத்திலிருந்து அது ஒரு பங்கை எடுக்கும். அதே லூப், நடுக்கம்பியின் வோல்ட்டேஜிலிருந்தும் கெப்பாசிட்டி வழியாக ஒரு பங்கை எடுக்கும். எலிமெண்டின் மேல் உள்ள அம்பு லோடைப் பார்த்து இருந்தால் இரண்டு பங்கும் கூடும். திருப்பி வைத்தால் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு பூஜ்யமாகும். அப்படிப் பூஜ்யமாக வேண்டுமானால் இரண்டும் சரிசமமாக இருக்க வேண்டும். அந்தச் சமத்தைப் பிடித்து வைப்பது லூப்போடு இருக்கும் சிறிய ரெசிஸ்டரும், லூப்பின் வடிவமும்.

இப்போது பாருங்கள். லூப் நசுங்கினாலோ, ரெசிஸ்டர் மதிப்பு மாறினாலோ, அந்தச் சமம் குலைந்துவிடும். நல்ல டம்மி லோடு போட்டாலும் ரிவர்ஸில் ஊசி எழும்பும். உங்களுக்கு எழும்பவில்லை. ஆகவே லூப்பும் ரெசிஸ்டரும் நலம். அவற்றுக்குப் பிறகு, டயோடிலிருந்து மீட்டர் வரைக்கும் உள்ள டி.சி. வழியில்தான் ஏதோ குறைகிறது. 100சி சரியாகக் காட்டுகிறது என்பதால் மீட்டரும், அதன் கேபிளும், குழிக்குள் இருக்கும் ஸ்பிரிங்கும் கணக்கிலிருந்து போய்விட்டன. மிச்சம் டயோடு, பைபாஸ் கெப்பாசிட்டர், பிரிசெட், பட்டன்.

ஒரு எச்சரிக்கை. 100சி 25 காட்டுகிறது என்பதை அப்படியே நம்பிவிடாதீர்கள். இந்த எலிமெண்டுகளின் துல்லியம் முழு அளவில் 5 சதவீதம். 100 வாட் எலிமெண்டில் அது 5 வாட். 25 காட்டினால் உண்மை 20 ஆகவும் இருக்கலாம், 30 ஆகவும் இருக்கலாம். பாதியாகக் குறைந்ததைக் கண்டுபிடிக்க அது போதும், அதற்கு மேல் போதாது.

அடுத்து, காலையில் 13, மதியம் 17 என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதுதான் முக்கியம். ஜெர்மானியம் டயோடு கெட்டிருந்தால் சூடு ஏற ஏற அதன் கசிவு கூடும், வாசிப்பு இறங்கும். உங்களுக்கு வெயில் ஏறினால் வாசிப்பும் ஏறுகிறது. எனக்கு ஈரத்தின் மேல் சந்தேகம்.

ஊசி மீட்டர் வைத்திருக்கிறீர்களா? டிஜிட்டல் வேண்டாம், அதன் ஓம் ரேஞ்சில் சோதனை வோல்ட்டேஜ் போதாமல் டயோடு திறக்காமலே போகலாம். ஊசி மீட்டரில் எக்ஸ் 1கே ரேஞ்ச் வையுங்கள். எக்ஸ் 1 ரேஞ்ச் வைக்கவே வைக்காதீர்கள், அந்த மின்னோட்டத்தில் பாயிண்ட் காண்டாக்ட் டயோடு செத்துப்போகும். எலிமெண்டை வெளியே எடுத்து, பட்டனுக்கும் உடம்புக்கும் நடுவில் இரண்டு திசையிலும் அளந்து பாருங்கள். அதே அளவை 100சியிலும் எடுங்கள். நான்கு எண்களையும் இங்கே போடுங்கள்.

அப்புறம், அந்த எலிமெண்ட் கடையில் எங்கே இருக்கும்?

அக்கரைப்பேட்டை பெஞ்ச் எழுதியது:

ஐயா, இவ்வளவு விரிவாக எழுதியதற்கு மிக்க நன்றி. காலை ஏழு மணிக்கு அளந்தது:

100சி ஒரு திசையில் 4 கே (கிலோ ஓம்). மறு திசையில் ஊசி கிட்டத்தட்ட அசையவில்லை.

25சி ஒரு திசையில் 2 கே. மறு திசையில் 4 கே, அதுவும் நிற்காமல் மெதுவாக நகர்கிறது.

எலிமெண்ட் எங்கே இருக்கும் என்று கேட்டீர்கள். முன்பு பெட்டியில் இருந்தது. ஏப்ரலில் கடையை ஒழுங்கு செய்தபோது பையன் இரண்டையும் வெளியே எடுத்து, 100சியை மட்டும் பெட்டியில் போட்டிருக்கிறான். 25சி அடிக்கடி தேவைப்படும் என்று ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டான். ராத்திரி கடை பூட்டும்போதும் அங்கேயே இருந்திருக்கிறது. அந்த ஜன்னல் கடலைப் பார்த்தது, கண்ணாடி கிடையாது, கம்பி மட்டும்தான்.

பழைய வயர்லெஸ், திருச்சி எழுதியது:

தம்பி, அப்படியானால் உங்கள் டயோடு நன்றாக இருக்கிறது. கணக்கைப் பாருங்கள்.

மறு திசையில் டயோடு அடைத்துக்கொள்ள வேண்டும், 100சியில் அடைத்துக்கொள்கிறது. 25சியில் 4 கே வருகிறது. பட்டனிலிருந்து உடம்புக்கு 4 கே அளவில் ஒரு கசிவு இருக்கிறது என்று அர்த்தம். முன் திசையில் டயோடு வழி 4 கே, கசிவு 4 கே, இரண்டும் பக்கம் பக்கமாகச் சேர்ந்தால் 2 கே. நீங்கள் அளந்தது அதேதான். ஆக டயோடு வழி 100சியில் இருப்பதைப் போலவே இருக்கிறது.

பேர்ட் 43 மீட்டரின் ஊசி முழு அளவுக்கு 30 மைக்ரோ ஆம்பியர், சுருளின் தடை சுமார் 1,400 ஓம். அதன் பக்கத்தில் 4 கே கசிவு நின்றால், வருகிற மின்னோட்டத்தில் நான்கில் ஒரு பங்கு மீட்டருக்குப் போகாமல் தரைக்குப் போய்விடும். மின்னோட்டம் முக்கால் ஆனால் பவர் ஸ்கேலில் அது முக்காலின் வர்க்கம், பாதிக்குச் சற்று மேல். 25 இருக்க வேண்டிய இடத்தில் 14. உங்கள் காலை வாசிப்பு.

கசிவு எங்கே? பட்டனைச் சுற்றி ஒரு இன்சுலேட்டர் வளையம் இருக்கும், நூல் அகலம்தான். அதன் மேல் உப்பு படிந்திருக்கிறது. காய்ந்த உப்பு ஒன்றும் செய்யாது. ஆனால் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். அப்புறம் அது மின்சாரம் கடத்தும் தண்ணீர்ப் படலம். ராத்திரியெல்லாம் பூட்டிக்கிடந்த கடையைக் காலையில் திறக்கும்போது அந்த நிலைதான். மதியம் கடை சூடானதும் காற்றின் ஈரப்பதம் குறைந்து படலம் பாதி காய்கிறது, வாசிப்பும் 17க்கு ஏறுகிறது. உங்கள் புது மாட்யூலால் 17 வந்தது என்று நினைத்தீர்களே, அதை எத்தனை மணிக்கு அளந்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆல்கஹாலில் துடைத்தும் ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் உப்பு கரையாது. எண்ணெய், விரல் பிசுக்கு எல்லாம் போகும், உப்பை அங்கேயே பரப்பிவிட்டுப் போகும். உப்புக்குத் தண்ணீர்தான் வேண்டும். பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். காது குடையும் பஞ்சுக் குச்சியை அதில் நனைத்துப் பிழிந்துவிட்டு, ஈரமாக மட்டும் இருக்கும்படி வளையத்தைத் துடையுங்கள். தண்ணீர் உள்ளே வடியக் கூடாது, பட்டனைக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துடைப்புக்கும் புதுக் குச்சி. நாலைந்து முறை ஆன பிறகு ஆல்கஹால், அது மிச்சத் தண்ணீரை வெளியேற்றும். எதிர்ப்பக்கப் பட்டனையும் மறக்காதீர்கள். எலிமெண்ட் முன்னோக்கி இருக்கும்போது ஒன்றும் ரிவர்ஸில் மற்றொன்றும் ஸ்பிரிங்கைத் தொடும். எந்தப் பட்டனில் கசிந்தாலும் இரண்டு வாசிப்பும் குறையும்.

பிறகு ஒரு தகர டப்பாவில் சின்ன குண்டு பல்பைப் போட்டு, கை பொறுக்கிற சூட்டில் ஒரு ராத்திரி வையுங்கள். ஹேர் டிரையரோ ஹீட் கன்னோ வேண்டாம், லூப்பைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் நெளிந்துவிட்டால் நன்றாக இருக்கும் ரிவர்ஸும் போய்விடும்.

காலையில் எடுத்ததும் அளந்து பாருங்கள். அளந்தபடியே பட்டனுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, கண்ணாடி துடைக்க ஊதுவது போல ஹா என்று ஒரு முறை ஊதுங்கள். உப்பு போயிருந்தால் ஊசி சிறிது எழும்பி உடனே திரும்பிவிடும். போகவில்லை என்றால் சட்டென்று 10 கேவுக்குக் கீழே வந்து அங்கேயே நிற்கும். பணிமனையில் எனக்கு மூத்தவர் ஒருவர் சொல்லிக்கொடுத்த சோதனை இது. ராமேஸ்வரம், தூத்துக்குடி பக்கமிருந்து வருகிற எலிமெண்டுகளை இப்படி ஊதிப் பார்க்காமல் அவர் வாங்கவே மாட்டார்.

ஒருவேளை மீட்டர் மேல் சந்தேகம் வந்தால் அதற்கும் சுலபமான வழி உண்டு. 1.5 வோல்ட் பேட்டரி, தொடராக 47 கே ரெசிஸ்டர். மீட்டருக்குக் கொடுத்தால் 31 மைக்ரோ ஆம்பியர் ஓடும், ஊசி கடைசிக் கோட்டை ஒட்டி நிற்க வேண்டும்.

அளவீட்டு மேசை, பெங்களூரு எழுதியது:

ஐயா எழுதியதைப் படித்துக்கொண்டிருந்தேன். பிரிசெட்டைத் தொடாதே என்று அவர் சொன்னதற்கு எங்கள் வேலையிலிருந்து ஒரு அனுபவம் சொல்ல வேண்டும் போல் இருந்தது. நான் அளவுத்திருத்தக் கூடம் ஒன்றில் வேலை செய்கிறேன். எங்களிடம் வருவது பெரும்பாலும் ரேடியோ பவரை வெப்பமாக மாற்றி அளக்கும் தெர்மோகப்பிள் சென்சார்கள், ஹெச்.பி. 8481ஏ மாதிரி.

அதற்குள் இருப்பது ஒரு சின்ன சில்லு. அதில் இரண்டு தெர்மோகப்பிள், ஒவ்வொன்றும் 100 ஓம். ரேடியோ அலைக்கு இரண்டும் பக்கம் பக்கமாகத் தெரியும், அதனால் 50 ஓம். டி.சி.க்கு வரிசையாகத் தெரியும், அதனால் 200 ஓம். ஒரு மில்லிவாட் கொடுத்தால் வெளியே வருவது சுமார் 160 மைக்ரோ வோல்ட்தான். ஒரு மைக்ரோ வாட் என்றால் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அவ்வளவு சிறிய டி.சி.யைக் கேபிளில் அனுப்ப முடியாது என்பதால் சென்சாருக்குள்ளேயே ஒரு சாப்பர் வைத்து, 220 ஹெர்ட்ஸ் ஏ.சி.யாக மாற்றித்தான் மீட்டருக்கு அனுப்புவார்கள்.

அது தாங்குவது சராசரி 300 மில்லிவாட். ஒரு நாள் எங்களிடம் ஒருவர் பவரைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் போட்டிருப்பதாக நினைத்து 10 வாட்டை நேராகக் கொடுத்துவிட்டார். இந்தச் சென்சார்களில் வாசலில் கெப்பாசிட்டர் இருப்பதால் வெளியே கனெக்டரில் மல்டிமீட்டர் வைத்தால் ஒன்றும் தெரியாது. திறந்து சில்லை அளந்தால் 200 ஓம் இருக்க வேண்டிய இடத்தில் திறந்த சுற்று. அந்தச் சில்லைச் சரிசெய்ய வழியில்லை. கேபிள் பின்னோ சாப்பர் போர்டோ போனால் மட்டும்தான் பழுது பார்க்க முடியும். அதனால் சென்சாரைக் குற்றம் சொல்லும் முன் எப்போதும் கேபிளை மாற்றிப் பார்ப்போம்.

முழுதாக எரிந்த சென்சார்கூடப் பரவாயில்லை, பூஜ்யமே நிற்காது, உடனே தெரிந்துவிடும். அரைகுறையாக அடிபட்டதுதான் ஆபத்து. மீட்டரில் 50 மெகாஹெர்ட்ஸ், ஒரு மில்லிவாட் ரெஃபரன்ஸ் இருக்கும். அடிபட்ட சென்சார் அதில் குறைவாகக் காட்டும். அட்ஜஸ்ட் திருகைத் திருப்பினால் 1.00 வந்துவிடும். எல்லாம் சரி என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். 50 மெகாஹெர்ட்ஸில் சரி, மேலே போகப் போக எல்லாம் தப்பு, ஏனென்றால் அதன் 50 ஓம் இப்போது 50 ஓம் இல்லை. அப்படி ஒரு சென்சார் இரண்டு வருடம் நல்லது என்ற பெயரில் ஓடியதை நான் பார்த்திருக்கிறேன். நாகப்பட்டினத்து நண்பர் காலையில் பிரிசெட்டைத் திருப்பி 25 ஆக்கியிருந்தால், மதியம் அது 30க்கு மேல் காட்டியிருக்கும்.

சுத்தம் செய்து முடித்த பிறகு ஒப்பிட்டுப் பார்க்க விரும்பினால் 30 டெசிபல், 50 வாட் அட்டெனுவேட்டர் ஒன்று கடன் வாங்குங்கள். 25 வாட் 25 மில்லிவாட்டாக இறங்கும், தெர்மோகப்பிள் சென்சாருக்கு வசதியான அளவு. கேபிளைக் குட்டையாக வையுங்கள். ஒரு மீட்டர் ஆர்.ஜி. 58 கேபிளே இந்த அலைவரிசையில் 0.2 டெசிபல் தின்னும், அது நாலைந்து சதவீதம்.

இரண்டு மீட்டர் அலைவரிசை, கோவை எழுதியது:

திருச்சி ஐயா சொன்னது சரி, நான் அவசரப்பட்டு டயோடு என்றுவிட்டேன். அந்த 13, 17 இரண்டையும் நானும் படித்தேன், கவனிக்கவில்லை. 1என்34ஏ போட்டது பற்றி ஒன்று சேர்க்கிறேன்: 145இல் ஒப்பிட்டு வைத்தது 145இல் மட்டும்தான் சரியாக இருக்கிறது. 220 பக்கம் போனால் தள்ளிப்போகிறது. பழைய டயோடின் கெப்பாசிட்டியோடு சேர்த்துத்தான் 100 முதல் 250 வரை சமமாக வரும்படி அதைச் செய்திருக்கிறார்கள்.

அட்டெனுவேட்டர் கிடைக்காவிட்டால் வீட்டிலேயே செய்கிற வழி ஒன்று சொல்கிறேன், நான் பலமுறை செய்திருக்கிறேன். டம்மி லோடின் துடுப்பில் மல்டிமீட்டரின் வெப்பநிலைக் கம்பியை டேப் போட்டு ஒட்டுங்கள். ஃபேனை நிறுத்திவிட்டு மூன்று நிமிடம் பிடிடி (பேசும் பட்டன்) அழுத்துங்கள், எவ்வளவு ஏறியது என்று குறியுங்கள். லோடு நன்றாக ஆறிய பிறகு அதே லோடுக்கு 35.4 வோல்ட் டி.சி. மூன்று நிமிடம் கொடுங்கள். 50 ஓமில் அது 25 வாட். இரண்டு ஏற்றத்தையும் ஒப்பிட்டால் செட்டின் உண்மையான பவர் வந்துவிடும். டி.சி.யை எந்த மல்டிமீட்டரும் நன்றாக அளக்கும். உங்கள் லோடில் டி.சி. செல்லும் என்பது 50 ஓம் காட்டியதிலேயே தெரிகிறது. உங்கள் ஊரில் 12 வோல்ட் பேட்டரிக்குப் பஞ்சமிருக்காது. இரண்டைத் தொடராகப் போட்டு, மிச்சத்தைப் பெஞ்ச் சப்ளையிலிருந்து சேர்த்துக்கொள்ளுங்கள்.

16ஆம் சேனலில் மட்டும் செய்யாதீர்கள். டம்மி லோடு என்றாலும் பக்கத்தில் கசியும், அது அவசர அழைப்புச் சேனல்.

அக்கரைப்பேட்டை பெஞ்ச் எழுதியது:

மூன்று நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று இருந்தேன்.

வாட்ச் ரிப்பேர் கடையிலிருந்து கண்ணில் வைக்கிற லென்ஸ் வாங்கிவந்து பட்டனைப் பார்த்தேன். வெறும் கண்ணுக்கு வளையம் சுத்தமாகத்தான் தெரிந்தது. லென்ஸில் பார்த்தால் பட்டனுக்கும் உடம்புக்கும் நடுவில் பனி படர்ந்த மாதிரி ஒரு மங்கல், ஓரத்தில் மட்டும் பச்சையாக ஒரு கோடு. முதல் பஞ்சுக் குச்சி அந்தப் பச்சையோடு வந்தது. ஆறாவது குச்சி வெள்ளையாக வந்தது. எதிர்ப்பக்கப் பட்டனில் இரண்டு குச்சி போதுமாக இருந்தது. ஜன்னல் கட்டையில் எந்தப் பக்கம் கடலைப் பார்த்துக் கிடந்தது என்பதே இதில் தெரிகிறது.

ராத்திரி முழுக்க பிஸ்கட் டப்பாவில் பல்போடு வைத்தேன். காலை ஏழு மணிக்கு, அதே நேரத்துக்கு, அளந்தேன். முன் திசை 4 கே. மறு திசையில் ஊசி அசையவில்லை. ஐயா சொன்னபடி வாயால் ஊதினேன். ஊசி ஒரு கோடு எழும்பியது, நான் மூச்சை இழுப்பதற்குள் திரும்பிவிட்டது. இன்னும் இரண்டு முறை ஊதினேன், அப்படியே. பையனையும் கூப்பிட்டு ஊதச் சொன்னேன்.

மீட்டரில் மாட்டிப் புது செட்டைப் போட்டேன். காலையில் 24. மதியம் இரண்டு மணிக்கும் 24. ரிவர்ஸில் ஊசி எழும்பவில்லை.

கோவை அண்ணா சொன்ன வெப்பச் சோதனையையும் செய்தேன். லோடு 33 டிகிரியில் தொடங்கி மூன்று நிமிடத்தில் 47.5. ஒன்றரை மணி நேரம் ஆற விட்டு, இரண்டு பேட்டரியும் சப்ளையும் சேர்த்து 35.4 வோல்ட் கொடுத்தால் 33லிருந்து 48. ஏற்றம் 14.5க்கு 15. கணக்குப் போட்டால் செட் 24 வாட்டும் கொஞ்சமும். மீட்டரும் 24. பிரிசெட் எங்கே இருக்கிறது என்று எனக்கு இன்னும் தெரியாது.

பெங்களூரு மேடம் சொன்ன அட்டெனுவேட்டர் ஒப்பீட்டையும் தடைக்காலம் முடிந்ததும் செய்யப்போகிறேன். காரைக்காலில் தெரிந்த கல்லூரி ஆய்வகம் ஒன்றில் இருக்கிறதாம். இப்போதைக்கு இரண்டு எலிமெண்டும் ரப்பர் வளையம் போட்ட எவர்சில்வர் டிபன் பாக்ஸில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இருக்கின்றன. மீட்டரின் குழிக்கும் மூடி போட்டாகிவிட்டது.

இரண்டாவது செட்டுக்காரரிடம் செட்டில் ஒன்றும் இல்லை என்று சொல்லிக் கொடுத்துவிட்டேன். 23.5 வாட் இருந்தது.

முதல் செட்டின் விஷயம்தான் மனதை அறுத்துக்கொண்டிருந்தது. ஐயா கேட்டாரே, 17 எத்தனை மணிக்கு என்று. நோட்டைப் பார்த்தேன். பழைய மாட்யூலோடு 13 அளந்தது காலை 7.40. புது மாட்யூலோடு 17 அளந்தது மதியம் 1.15. நேற்று அந்தப் படகுக்காரர் வீட்டுக்கே போய் நடந்ததைச் சொல்லி, செட்டை வாங்கிவந்தேன். கழற்றிய பழைய மாட்யூல் நல்லவேளையாக டிராயரிலேயே கிடந்தது. அதை மறுபடி சால்டர் வைத்துப் போட்டுப் பிடிடி அழுத்தினேன். 24.

அவருக்கு மாட்யூல் காசும் கூலியும் திருப்பிக் கொடுத்தாயிற்று. கூலியை வாங்கமாட்டேன் என்றார், பையில் வைத்துவிட்டு வந்தேன். செட்டை இன்று சாயங்காலம் நானே படகில் மாட்டிக் கொடுக்கிறேன். ஆன்டெனா கேபிளையும் அங்கேயே ரிவர்ஸ் வைத்துப் பார்த்துவிடுவேன்.